படத்துக்குக் கீழே ஒரு பெயர்

ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகும். வைப்பாற்றில் தண்ணீர் ஓடுகிறதோ இல்லையோ, ஆல்பம் தவறாது. அச்சகங்களில் பூஜை போட்டு, தடித்த அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை ஏஜென்டுகள் கையில் கொடுப்பார்கள். அதை வண்டியில் வைத்துக்கொண்டு அவர்கள் ஊர் ஊராகப் போவார்கள். மளிகைக்கடைக்காரர், நகைக்கடைக்காரர், சீட்டு நடத்துபவர், புதிதாகக் கட்சியில் பொறுப்பு வாங்கியவர் என்று எல்லார் மேஜையிலும் அது விரியும்.

ஒரு கடைக்காரர் அந்த ஆல்பத்தைப் புரட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். முதல் பத்துப் பக்கம் வேகமாகப் போகும். பிள்ளையார், லட்சுமி, மயில் மேல் முருகன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா, கொழுகொழுவென்று ஒரு குழந்தை, எங்கோ ஒரு குளிர்நாட்டு ஏரி. பிறகு விரல் நிதானிக்கும். போன வருடம் எந்தப் படம் போட்டோம், எதிர்க்கடைக்காரர் என்ன போடப் போகிறார், வாடிக்கையாளர்களில் கிறிஸ்தவர்கள் எத்தனை வீடு, பாய்மார் எத்தனை வீடு, பெண்கள் சமையலறையில் மாட்டுவார்களா, பூஜையறையில் மாட்டுவார்களா என்று கணக்கு ஓடும். ராமர் படத்துக்குப் போன வருடம் யாரோ குறை சொன்னதால் இந்த வருடம் இயற்கைக் காட்சி என்று ஒதுங்குபவர்களும் உண்டு. இவ்வளவும் முடிந்தபின் படத்துக்குக் கீழே தகரப் பட்டைக்குப் பக்கத்தில் அவர் பெயர், அப்பா பெயர், கடைத்தெரு, தொலைபேசி எண் அச்சாகும். முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அந்தப் படத்துக்கு அவர் பொறுப்பாளி. தேதித் தாளில் ராகுகாலம் தப்பாக இருந்தால்கூட, 'என்னப்பா உன் காலண்டர்ல இப்படிப் போட்டிருக்கு' என்று அவரிடம்தான் வந்து கேட்பார்கள்.

இன்று 'கன்டென்ட்' என்று சொல்லப்படுவது இதுதான். அடுத்தவருக்கு எதைக் காட்டுவது, எதை அனுப்புவது என்று தேடி எடுக்கிற வேலை. முகநூலும் இன்ஸ்டாகிராமும் வந்தபிறகு பிறந்த கவலைபோல இதைப் பேசுகிறோம். சிவகாசிக்காரர்களுக்கு இது நூறு வருடத்துத் தொழில்.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டி வந்ததும் அதன்மேல் ஒட்ட லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சு வந்தது. அச்சு வந்தபின் காலண்டர், வாழ்த்து அட்டை, வெடிப்பெட்டிக்கு வண்ணத்தாள், பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை என்று கரிசல் மண்ணின் ஒரு மூலையில் இருந்து நாடு முழுக்கப் படம் போயிற்று. பக்கத்து ஊரான கோவில்பட்டியில், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிய கொண்டையராஜு (1898–1976) குடியேறினார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும்தான் நம் பாட்டிமார் கும்பிட்ட முகங்கள். ஆய்வாளர்கள் பிற்காலத்தில் வந்து இந்தக் காலண்டர் கலையைப் பற்றித் தடிமனான ஆங்கில நூல்கள் எழுதினார்கள். ஒரு முகம் லட்சக்கணக்கான சுவர்களுக்குப் போய்ச்சேர்வது எப்படி என்பதை இந்த வட்டாரம் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை.

ஆனால், ஊருக்கெல்லாம் படம் அச்சிட்ட இந்தப் பகுதிக்கு என்று உலகத்தில் சுற்றுகிற படம் எது என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: புகை.

*

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் மதியநேரம் வெடிவிபத்து. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் கர்ப்பிணி ஒருவர் இருந்தார், கல்லூரி மாணவி ஒருவர் இருந்தார். தாயும் தகப்பனும் ஒரே நாளில் போய்விட, பிள்ளை மட்டும் மிஞ்சிய வீடும் உண்டு. முதலமைச்சர் நிதியில் இருந்து மூன்று லட்சம், பிரதமர் நிதியில் இருந்து இரண்டு லட்சம் என்று அறிவிப்பு வந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் அச்சங்குளம் என்ற பெயர் உலகம் சுற்றிவிட்டது. கரிசல் காட்டுக்கு நடுவே எழும்பிய வெண்புகை, சிதறி விழுந்த அறைகளின் சுவர், 108 ஆம்புலன்ஸ்களின் வரிசை. அதுவரை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அச்சங்குளம் என்று ஓர் ஊர் இருப்பதை அறியாதவர்களும் அந்த வீடியோவை அனுப்பினார்கள். ஆழ்ந்த இரங்கல் என்று ஒரு வரி, கைகூப்பும் சின்னம் இரண்டு, அழுகிற முகம் ஒன்று. அனுப்பியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. துக்கத்தை அடுத்தவரிடம் சொல்லாமல் இருக்கத் தமிழனுக்குத் தெரியாது. இழவுச் செய்தி சொல்ல ஆள் அனுப்பி வழக்கப்பட்டவர்கள் நாம். ஆனால் இழவு சொல்லப் போகிறவன் யாருக்கு, எப்போது, எப்படி, எடுப்பது எத்தனை மணிக்கு என்று நான்கும் சொல்லிவிட்டு வருவான். அந்த வீடியோவில் இந்த நான்கும் இல்லை. அதனால்தான் அதை அடுத்த விபத்துக்கும் பயன்படுத்த முடிகிறது.

சமூக ஊடகத்தில் வெடிவிபத்துக் காட்சிக்கு ஊர் கிடையாது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த காட்சி அதற்குப் பின் எத்தனையோ ஊர்ப் பெயர்களில் வலம்வந்தது. வெடி என்றால் வெடி. புகை எங்கும் ஒரே நிறம். எடுத்தவர் பெயர் இல்லாத படம் எந்த ஊருக்கும் பொருந்திவிடும்.

வெடி சம்பந்தமாக இன்னும் ஒன்று உண்டு. ஒவ்வொரு தீபாவளிக்கும் வரும், உங்களுக்கும் வந்திருக்கும். இருட்டில் இந்தியாவின் வரைபடம், அதன்மேல் நீலமும் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள். 'தீபாவளி இரவில் விண்வெளியில் இருந்து நாசா எடுத்த படம்' என்று கூடவே ஒரு வரி. அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் பல வருடங்களாக எடுத்த இரவு வெளிச்சத் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து, எந்த ஊரில் எப்போது விளக்கு பெருகியது என்று காட்ட வண்ணம் பூசிய வரைபடம் அது. 1992இன் விளக்குகளுக்கு நீலம், 1998க்குப் பச்சை, 2003க்குச் சிவப்பு. 2012 தீபாவளி சமயத்தில் நாசாவே உண்மையான இரவுப்படம் ஒன்றை வெளியிட்டு, தீபாவளி வெளிச்சம் விண்வெளியில் இருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு கொஞ்சம்தான் என்று விளக்கிவிட்டது. அதன்பிறகும் அந்தப் படம் நிற்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் என்னவென்றால், அந்தப் படத்தின் உண்மை இந்தப் பொய்யைவிடச் சுவையானது. பதினோரு வருடத்தில் எந்தெந்த ஊருக்கு மின்விளக்கு போய்ச்சேர்ந்தது என்று ஒரே பார்வையில் சொல்கிற வரைபடத்தை, மத்தாப்பு வெளிச்சமாக்கிக் கெடுத்துவிட்டோம்.

சீனப் பட்டாசால் ஆஸ்துமா வரும், இது பகைநாட்டுச் சதி என்று உள்துறை அதிகாரியின் பெயரில் சுற்றும் எச்சரிக்கை இன்னொன்று. அப்படி ஒரு எச்சரிக்கையே கொடுக்கப்படவில்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2021இல் மறுத்தது. மறுப்பை யாரும் பார்வர்டு செய்யவில்லை. சிவகாசிக்கு நன்மை செய்கிறோம் என்ற நம்பிக்கையில் அதை அனுப்புபவர்கள், சிவகாசியில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

*

படம் தேடிப் போவதில் இருக்கிற ஆபத்து, பொய் பரவுவது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. ஆலையில் இருந்தவர்கள் பலர் வெளியே ஓடிவிட்டார்கள். புகையைப் பார்த்துப் பக்கத்து ஊர்களில் இருந்து ஜனங்கள் உள்ளே ஓடினார்கள். உதவி செய்ய ஓடியவர்களும் உண்டு; என்ன நடக்கிறது என்று பார்க்க ஓடியவர்களும் உண்டு. அதன்பிறகுதான் இருப்பு வைத்திருந்த அறைகள் வெடித்தன. இறந்தவர்கள் ஏறக்குறைய நாற்பது பேர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல.

அப்போது எல்லார் கையிலும் இன்றைய போன் கிடையாது. இன்று அதே புகை எழும்பினால் எத்தனை பேர் கையை உயர்த்திக்கொண்டு வேலிவரை போவார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பட்டாசு ஆலையில் முதல் வெடி கடைசி வெடி அல்ல என்பது இந்தப் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தவர்களையும் இழுக்கிறது அந்தச் சின்னத் திரை.

வாட்ஸ்அப் நிறுவனம் 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. காரணம், புரளியை நம்பி நாடு முழுக்க நடந்த கும்பல் கொலைகள். அவற்றில் ஒன்று நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளைபிடிக்க வந்தவள் என்று அடித்துக் கொன்றது. 2020இல் பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம். யார் சொன்னது என்று கேட்கும் பழக்கத்தை எந்த நிறுவனமும் செயலிக்குள் வைத்துத் தர முடியாது.

காலண்டருக்குத் திரும்ப வருகிறேன். கடைக்காரர் தன் பெயரைக் கீழே போட்டதால்தான் அவ்வளவு நேரம் புரட்டினார். பெயர் போடாத காலண்டர் என்றால் முதல் பக்கத்தில் இருந்ததையே எடுத்திருப்பார். எதைப் பகிர்வது என்று கேட்டு எழுதப்படும் யோசனைக் குறிப்புகளை நானும் வாசித்திருக்கிறேன். எந்த நேரத்தில் போட வேண்டும், எந்த ஹேஷ்டேக், எத்தனை விநாடி என்று அதில் எல்லாம் இருக்கும். படத்துக்குக் கீழே உன் பெயரையும் தெருவையும் அச்சடித்தால் இதைப் போடுவாயா என்ற கேள்வி மட்டும் இருக்காது.

*

சாத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு பையன் எனக்குப் பழக்கம். இன்ஸ்டாகிராமில் பக்கம் நடத்துகிறான். வட்டாரத்தின் பெயரில்தான் பக்கம். ஓரளவு ஆட்கள் பார்க்கிறார்கள். ஒருநாள் சலிப்போடு சொன்னான்.

"நம்ம ஊர்ல கன்டென்ட்டே இல்ல அண்ணாச்சி. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா போட்டாச்சு. சாத்தூர் சேவு போட்டாச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, இருக்கன்குடி மாரியம்மன், எல்லாம் போட்டாச்சு. இனி என்னத்தப் போட?"

"வெம்பக்கோட்டை?"

"அதுவும் போட்டேன். ரெண்டாயிரம் பேருகூட பாக்கல."

வெம்பக்கோட்டையில் 2022இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. வைப்பாற்றின் கரையில், விஜயகரிசல்குளத்து மேட்டில், சங்கு வளையல்கள், சூதுபவள மணிகள், சுடுமண் உருவங்கள், நுண்கற்கருவிகள் கிடைத்தன. சங்கை அறுத்து வளையல் செய்தவர்கள் பட்டாசுக்கு ஆயிரம் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே இதே காட்டில் கைத்தொழில் நடத்தியிருக்கிறார்கள். பார்க்க ஆள் இல்லை என்றால் அது பையனின் குற்றமில்லை. முப்பது விநாடியில் அந்த மேட்டைச் சொல்ல முடியாது.

"அம்மா என்ன வேலை பாக்காங்க தம்பி?" என்று கேட்டேன்.

"பட்டாசு ஆபீஸ்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். விடியும்முன் எழுந்து, சோறு பொங்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, ஆலை வேனில் ஏறிப் போகிற வேலைக்கு ஆபீஸ் என்று பெயர்.

அம்மாவிடம் கேட்டு அவன் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டது இவ்வளவு. அறைக்கு நான்கு பேர்தான் இருக்க வேண்டும். மருந்து கலக்குகிற அறை என்றால் அதைவிடக் குறைவு. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே நுழையும்முன் வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டில் கையை வைக்க வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கிற மின்னூட்டம் மண்ணுக்கு இறங்கிவிடும். பருத்திச் சேலைதான், நைலக்ஸ் கூடாது. தரையில் ரப்பர் விரிப்பு. மருந்துப் பாத்திரத்தைத் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கலவை வேலையை முடித்துவிட வேண்டும். மிஞ்சிய மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. 'உராய்வினால் விபத்து' என்று நாளிதழ்கள் ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகிற காரணத்துக்குப் பின்னால் இத்தனை சின்ன விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு விதியும் எங்கோ யாரோ செத்தபிறகு எழுதப்பட்டது.

"இத ஒண்ணொண்ணாப் போடேன். கதவு ஏன் வெளிப்பக்கம் திறக்குதுன்னு ஒரு நாள். செம்புத் தகடு ஒரு நாள். பத்து நாளைக்கு ஓடும்."

அவன் சிரிக்கவில்லை. "போட்டா அம்மாவுக்கு வேல போயிரும் அண்ணாச்சி" என்றான்.

அதற்குமேல் நான் என்ன பேச? அவன் சொன்னதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அறைக்கு நான்கு பேர் என்று போட்டால், உங்க அம்மா அறையில் எத்தனை பேர் என்று ஒருவன் கேட்பான். அதிகாரிகள் ஆய்வுக்கு வருவார்கள். அறைக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து வேலை செய்ததைக் கண்டால் ஆலைக்குச் சீல் வைப்பார்கள். சீல் வைத்தால் வாரச்சம்பளம் நின்றுபோகும். வாங்கிய முன்பணம் தலைமேல் நிற்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்ததை அந்த வீடுகள் மறக்கவில்லை. ஊர்க்காரன் தன் ஊரைப் பற்றிச் சொல்லாததற்குச் சோம்பல் காரணமல்ல. சொன்னால் உலை எரியாது. விபத்து நடந்த அன்று மட்டும் புகையைப் பகிர யாரும் தடுப்பதில்லை. அதனால் யாருக்கும் வேலை போகாது.

வெளியூர்க்காரர்களின் காமிராவும் இந்தப் பகுதிக்கு வந்ததுண்டு. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம், தீப்பெட்டி ஆபீஸுக்கு விடியற்காலையில் வேனில் ஏற்றப்பட்ட பிள்ளைகளைக் காட்டியது. சிவகாசியின் பெருமைக்குச் சொல்லப்பட்ட 'குட்டி ஜப்பான்' என்ற பட்டப்பெயரையே தலைப்பாக்கியிருந்தார்கள். ஊர் முதலாளிகளுக்கு அது பிடித்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்தப் படத்துக்குக் கீழே ஒரு பெயர் இருந்தது. எங்கே, யாரை, எதற்காக எடுத்தோம் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

*

தேடலைப் பற்றிப் பேசும்போது மேலாண்மறைநாட்டு மளிகைக்கடையைச் சொல்லாமல் போக முடியாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்ற மேலாண்மை பொன்னுச்சாமி, விருதுநகர் மாவட்டத்து அந்தக் கிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். 'மின்சாரப் பூ' தொகுப்புக்காக 2007இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியபோதும் அவர் அந்தக் கரிசல் ஊர்களின் கதைக்காரர்தான். கடைக்கு வருகிறவர்கள்தான் அவருக்கு விஷயம். கால் கிலோ துவரம்பருப்பு கடனாகக் கேட்பவளின் குரல், நூறு கிராம் என்று குறைத்துக் கேட்கும்போது எப்படி மாறுகிறது என்பதைக் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவன் அறிவான். போன மாதம் முழுத் தேங்காய் வாங்கிய வீடு இந்த மாதம் தேங்காய்ச்சில்லுக்கு வந்துவிட்டால் அங்கே ஒரு கதை நடந்திருக்கிறது.

எழுத்தாளர் கி.ராஜநாராயணனும் இப்படித்தான். தன் ஊரான இடைசெவலில் உட்கார்ந்து கரிசல் சொற்களைச் சேர்த்து 1982இல் அகராதியாக்கினார். மாடு கட்டுகிற முளைக்கும் கலப்பையின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஜனங்கள் வைத்திருந்த பெயரைக் கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டார். எழுதாமல் விட்டிருந்தால் டிராக்டர் வந்த தலைமுறையோடு அவை மண்ணுக்குள் போயிருக்கும். பட்டாசுத் தொழிலுக்கு அப்படி ஒரு சொல்லகராதி இன்றுவரை என் கண்ணில் பட்டதில்லை. மணிமருந்து, கருந்திரி, சாட்டை, பூச்சட்டி, உள்குத்தகை, நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ். கடைசி மூன்றும் சொற்களா என்று சிரிக்காதீர்கள். உரிமம் எங்கே வாங்கியது என்பதை வைத்து ஆலையின் தகுதியை, அளவை, என்ன ரகம் செய்யலாம் என்பதை இங்கே மூன்றே வார்த்தையில் அளந்துவிடுவார்கள். ஃபேன்சி ரகம் என்று வானத்தில் விரிகிற வெடி செய்ய நாக்பூர் லைசென்ஸ் வேண்டும் என்பது டீக்கடைப் பேச்சில் வரும் சாதாரண அறிவு.

உள்குத்தகை என்ற சொல்தான் அச்சங்குளத்தின் மையம். விபத்துக்குப் பின் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் ஒரு குழு அமைத்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையின் அறைகள் பலருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தன என்பது வெளியே வந்தது. சட்டப்படி உரிமத்தைக் கைமாற்றிக் கொடுக்கக் கூடாது. குத்தகைக்கு எடுத்தவனுக்குச் சில மாதத்துக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். ஆகவே அறையில் ஆள் கூடும், மருந்து கூடும், மரத்தடியிலும் வேலை நடக்கும். நாலு பேர் இருக்க வேண்டிய இடத்துக்கும் இருபது பேர் சாவுக்கும் நடுவே உள்ள தூரம் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. முதலிப்பட்டியிலும் இதே கதையைத்தான் சொன்னார்கள். அச்சங்குளத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு இருபது லட்சம் என்று தீர்ப்பாயம் 2021 ஜூனில் ஆணையிட்டது.

புகை வீடியோ பார்த்தவர்களில் எத்தனை பேர் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? கேள்விப்பட்டிருந்தால் அடுத்த விபத்தின் அன்று 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதுகிற இடத்தில் 'லைசென்ஸ் யார் பேரில், வேலை நடத்தினது யார்' என்று கேட்டிருப்பார்கள்.

ஆவணி பிறந்தால் போதும், இன்னொரு விதப் படம் வரத் தொடங்கும். சிவகாசி ஆலையில் இருந்து நேரடி விலை, எண்பது சதவீதத் தள்ளுபடி, கிஃப்ட் பாக்ஸ் பிரித்துக் காட்டுகிறோம் என்று யூடியூபர்கள் படையெடுப்பார்கள். எண்பது சதவீதம் தள்ளிக்கொடுக்கிற அளவுக்கு முதலில் எதற்கு விலை ஏற்றி அச்சடிக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை, அது போகட்டும். இணையவழிப் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018லேயே தடை போட்டுவிட்டது. முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் போலிக் கடைகளைப் பற்றிச் சைபர் குற்றப் பிரிவு வருடாவருடம் எச்சரிக்கிறது. என்றாலும் விலைப்பட்டியல் குடும்பக் குழுக்களில் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. சித்தப்பா அனுப்பியதை மாமா அனுப்ப, மாமா அனுப்பியதை நாம் அனுப்ப. பத்துப் பெட்டி வாங்கினால் ஒரு பெட்டி இலவசம் என்ற அந்தப் பட்டியலின் எந்த வரியிலும் அறைக்கு எத்தனை பேர் என்று இருக்காது. ஆனால் இந்தத் தொழிலைப் பற்றித் தமிழ்நாடு முழுக்க ஆர்வமாகப் பார்க்கிற காலம் அதுதான். விபத்து நாளில் பார்ப்பவர்கள் பதறிவிட்டுக் கடந்துபோகிறார்கள். வெடி வாங்க நினைக்கிறவன்தான் நின்று படிப்பான்.

அச்சங்குளத்துக்குப் பின் 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டி, மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி என்று வெடிவிபத்துகள் தொடர்ந்தன. இடையில் நடந்த மற்றவற்றை நான் இங்கே சேர்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் புகைப்படம் உண்டு. உங்கள் போனிலும் ஏதாவது ஒன்று இருக்கும்.

இதையெல்லாம் சொல்ல டீக்கடைப் பையனால் முடியாது. அவனிடம் கேட்பதும் நியாயமில்லை. சென்னையில், கோவையில், சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இன்று என்ன போடலாம் என்று விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறவர்களுக்கு வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. அச்சங்குளம் வழக்கில் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த ஆணை யாரும் படிக்கக்கூடிய பொது ஆவணம். ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் உள்குத்தகையைப் பற்றிய பகுதியையாவது நாலு பேருக்குப் புரிகிற தமிழில் எழுதுங்கள். எழுதியதை விபத்து நடக்கட்டும் என்று வைத்திருக்காமல், பட்டாசு விலைப்பட்டியல் வீடுவீடாகச் சுற்றுகிற புரட்டாசி மாதத்திலேயே அனுப்புங்கள்.